நீர்ப்பயிர்களும் நம் மாவட்டத்துச் சிறு விவசாயியும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் தாவரவியல்)

முன்னுரை

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நம் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், அந்தக் கணக்கைப் பார்க்கத் துணியாமலே நிலத்தை வைத்திருப்போர் பலர். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். நொய்யலுக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு. நிலம் கைவிடும் மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது, என் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து வாங்கும் வாரச் சம்பளத்தால்தான்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு தரகர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். வடநாட்டில் மக்கானா என்றொரு நீர்ப்பயிர் இருப்பதாகவும், ஓர் ஏக்கரில் தண்ணீரைத் தேக்கி அதைப் பயிரிட்டால் நெல்லைப் போலப் பல மடங்கு வருவாய் வருமென்றும் கூறினார். விதையைத் தாமே தருவதாகவும், விளைந்ததைத் தாமே எடுத்துக்கொள்வதாகவும், முன்பணம் மட்டும் கட்டினால் போதுமென்றும் சொன்னார். அவர் சென்ற பிறகு தந்தை என்னை அழைத்தார்.

"கண்ணு, நீ செடி கொடியப் பத்தித்தான படிக்கறே? இது நம்ம தண்ணிக்கு ஆகுமான்னு பாத்துச் சொல்லு. ஆகும்னா அம்மா நகைய வெச்சுப் போட்டுப் பாக்கலாம்."

தேர்வில் எத்தனையோ வினாக்களுக்கு விடை எழுதியிருக்கிறேன். தவறாக எழுதினால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. இந்த வினாவுக்குத் தவறான விடை சொன்னால் வீட்டு நகை போய்விடும். ஆகவே ஒரு மாதம் தவணை கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நூலகத்திலும் ஆய்வகத்திலும் வயலிலும் நான் கற்றவற்றை மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்ப்பயிர் என்பது யாது?

நீர் தேங்கிய நிலத்திலோ, குளத்திலோ வேரூன்றியும் மிதந்தும் வளரும் தாவரங்களுள் மனிதனுக்கும் கால்நடைக்கும் பயன்படுவனவற்றை நீர்ப்பயிர் எனலாம். நெல்லும் ஒரு வகையில் நீர்ப்பயிரே. ஆனால் நெல்லுக்குக் கிடைத்த ஆராய்ச்சியும் கடனும் கொள்முதலும் மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. தாமரை, அல்லி, கொட்டி, சேம்பு, வள்ளைக்கீரை, கோரை, வசம்பு முதலியன நம் நாட்டுக் குளங்களுக்குப் பழகியவை. தாமரைத் தண்டு வற்றலாகிச் சில வீடுகளில் இன்றும் எண்ணெயில் பொரிகிறது. கொட்டிக்கிழங்கைக் குளத்தங்கரை மக்கள் பஞ்சகாலத்தில் தோண்டி உண்டனர். குமரி மாவட்டத்துக் குளங்களில் விளையும் தாமரை தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறது. வட இந்தியாவில் சிங்காரா எனப்படும் கொம்புள்ள நீர்க்காய் மாவாக அரைக்கப்பட்டு விரத நாள் உணவாகிறது. காசுமீரத்து ஏரிகளில் தாமரைத் தண்டு "நத்ரு" என்ற பெயரில் அன்றாடக் காய்கறியாகும்.

ஆகவே, நீர்ப்பயிரால் சிறு விவசாயி பிழைக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே விடை. பல இடங்களில் பிழைத்துக்கொண்டிருக்கிறான். நம் மண்ணில் முடியுமா என்பதுதான் நாம் ஆராய வேண்டிய வினா.

மிதிலை மக்கானாவின் கதை

மக்கானாவை நம் ஊர்க் கடைகளில் தாமரை விதைப் பொரி என்று விற்கிறார்கள். உண்மையில் அது தாமரை விதையன்று. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, யூரியேல் ஃபெராக்ஸ் என்ற தாவரப் பெயருடைய, இலை முழுதும் முள் நிறைந்த ஒரு செடியின் விதையாகும். இந்தியாவின் விளைச்சலில் மிகப் பெரும் பங்கு பீகார் மாநிலத்தில், குறிப்பாகத் தர்பங்கா, மதுபனி, பூர்ணியா, கட்டிகார் முதலிய மாவட்டங்களில் கிடைக்கிறது. 2002-இல் தர்பங்காவில் இதற்கெனத் தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று நிறுவப்பட்டது. 2022-இல் மிதிலா மக்கானாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் மக்கானா வாரியமும் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்புகளைப் படிக்கும்போது இது எளிய பயிர் போலத் தோன்றும். வேலையைப் பார்த்தால் அவ்வாறன்று. பழைய முறையில் நாலடி முதல் ஆறடி ஆழமுள்ள குளத்தில் செடி வளரும். பழம் வெடித்து விதைகள் குளத்தின் அடிச்சேற்றில் படியும். மல்லா எனப்படும் மீனவச் சமூகத்தார் நீரில் மூழ்கிச் சேற்றைத் துழாவி அவற்றை அள்ளுகின்றனர். பிறகு விதைகளை உலர்த்தி, தரம் பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, சில நாள் ஆறவிட்டு, மீண்டும் வறுத்து, சூடு ஆறுமுன் மரச் சுத்தியால் ஒவ்வொன்றாக அடித்தால்தான் வெண்பொரி வெளிவரும். கைத்திறன் இல்லாதவன் அடித்தால் பொரி நொறுங்கும். வயல்முறை என்னும் புதிய முறை வந்த பிறகு, நெல்வயலிலேயே ஓரடி உயரத்துக்கு நீர் நிறுத்திப் பயிரிடுகின்றனர். மூழ்கி எடுக்கும் துன்பம் இதில் குறைவு. குளம் இல்லாத விவசாயியும் இப்பயிரைச் செய்ய வழி பிறந்தது.

நான் இதைப் படித்ததும் மகிழ்ந்தேன். ஓரடி நீர் போதும் என்றல்லவா எழுதியிருக்கிறது! ஆனால் அந்த ஓரடி நீர் எங்கிருந்து, எந்த மாதத்தில் வரும் என்று எண்ணியபோதுதான் உண்மை விளங்கியது.

ஓரடி நீரின் கணக்கு

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஓரடி உயரத்துக்கு நீர் நிறுத்தினால் 43,560 கன அடி, அதாவது ஏறத்தாழ 12 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் ஆகிறது. ஒரு லாரித் தொட்டி 12,000 லிட்டர் கொள்ளுமெனக் கொண்டால், நூறு லாரித் தண்ணீருக்கும் மேல். இது முதல் நாள் கணக்கு மட்டுமே. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் உயரம் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஓர் ஏக்கரிலிருந்து தினமும் 24,000 லிட்டர் வானத்துக்குப் போய்விடும். நாள்தோறும் இரண்டு லாரி ஊற்றினால்தான் நீர்மட்டம் நிலைக்கும். மண்ணுக்குள் இறங்கும் நீர் இக்கணக்கில் சேரவில்லை.

வயல்முறையில் டிசம்பரில் நாற்றுவிட்டு, பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் நட்டு, ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடை செய்கின்றனர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும், இமயத்து ஆறுகள் பாயும் தாழ்நிலத்துக்கு அது பொருந்தும். நம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மக்கானா நீர் கேட்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள்தாம் நம் கிணறுகள் அடிப்பாறையைக் காட்டும் மாதங்கள். பயிரின் பருவமும் நம் நீரின் பருவமும் முதுகோடு முதுகு காட்டி நிற்கின்றன.

நொய்யல் நீரின் தன்மை

நீரின் அளவைப் பார்த்தோம். இனி அதன் தரத்தைப் பார்ப்போம். இங்குதான் திருப்பூர்ப் பகுதிக்கே உரிய சிக்கல் இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் பாய்ந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல், வழிநெடுகக் குளங்களையும் அணைக்கட்டுகளையும் நிரப்பிய ஆறு. பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணிக்கு வினைச்சாயம் ஏற்றும்போது சாயத் தொட்டியில் மிகுதியான உப்பைச் சேர்க்க வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழையும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது, சாயமும் எதிர்மின்னூட்டம் உடையது. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் நெருங்கச் செய்வதே உப்பின் வேலை. வேலை முடிந்ததும் சாயம் துணியோடு போகிறது. உப்பு முழுவதும் கழிநீரோடு வெளியேறுகிறது.

இதன் விளைவை நாடறியும். 1992-இல் கட்டப்பட்ட ஓரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக எழுந்தது. ஆனால் அதில் சாயக்கழிவு தேங்கியதால், அணையைத் திறக்க வேண்டா என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே போராட நேர்ந்தது. அணை கட்டியதும் தண்ணீர் விடு என்று கேட்பதே உலக வழக்கம். விடாதே என்று கேட்ட உழவர்கள் நம்மவர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பிறகு, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையாலும் ஆவியாக்கியாலும் நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கு ஊன்றியது. ஆயினும், முன்பே மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பு ஓர் ஆணையால் வெளியேறிவிடுவதன்று. பல ஊர்க் கிணறுகளில் அது இன்றும் இருக்கிறது.

கழிநீரில் பயிரும் மீனும் வளர்க்கும் கொல்கத்தா முறையை இங்கே சிலர் எடுத்துக்காட்டக்கூடும். 2002-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களில், நகரத்துச் சாக்கடை நீர் ஆழமற்ற குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தூய்மையடைந்து, மீனாகவும் காய்கறியாகவும் நகருக்கே திரும்புகிறது. வியத்தகு முறைதான். ஆனால் அங்கே முதன்மையானது வீட்டுச் சாக்கடை. அதிலுள்ள அழுக்கு நுண்ணுயிர்களுக்கு உணவாகிச் சிதைந்துவிடும். சாய நீரின் உப்போ எந்த நுண்ணுயிருக்கும் உணவன்று. ஆகாயத்தாமரை, சம்பு, கல்வாழை போன்றவை சில உலோகங்களை உறிஞ்சும் என்பது உண்மையே. அவ்வாறு உறிஞ்சும் குணமே உணவுப் பயிருக்கு ஆபத்து. வள்ளைக்கீரை மாசு நீரிலும் செழித்து வளரும், அந்நீரிலுள்ள கன உலோகத்தைத் தன் இலையிலும் தண்டிலும் சேர்த்துக்கொள்ளும். கண்ணுக்குப் பசுமையாக இருப்பது வயிற்றுக்கு நல்லதென்று கொள்ள இயலாது.

நான் செய்த எளிய சோதனை

எங்கள் கிணற்று நீர் ஒரு லிட்டரையும், குமரலிங்கத்திலுள்ள என் தாய்மாமன் வயலுக்குப் பாயும் அமராவதி வாய்க்கால் நீர் ஒரு லிட்டரையும் தனித்தனி எவர்சில்வர் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினேன். வாய்க்கால் நீர்ப் பாத்திரத்தின் அடியில் விரலால் தடவினால் தெரியும் படலம் மட்டுமே இருந்தது. எங்கள் கிணற்று நீர்ப் பாத்திரத்திலோ கரண்டியால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு வெள்ளை உப்பு படிந்திருந்தது. என் தந்தை அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அடுத்து, இரண்டு சிமெண்டுத் தொட்டிகளில் ஒரே மண்ணை இட்டு, ஒரே குளத்திலிருந்து கொணர்ந்த தாமரைக் கிழங்கை நட்டேன். ஒன்றுக்கு மழைநீர், மற்றொன்றுக்குக் கிணற்று நீர். ஆவியான அளவுக்கு அந்தந்த நீரையே ஊற்றி வந்தேன். சில வாரங்களில் கிணற்று நீர்த் தொட்டியில் இலைகளின் ஓரம் கருகியது, புதிய இலைகள் சிறுத்தன. இதை ஆய்வகத்தில் பெருமையோடு கூறியபோது எங்கள் விரிவுரையாளர், "இரண்டு தொட்டியை வைத்து முடிவு கட்டாதே. மூன்று முறையாவது திரும்பச் செய். ஆனால் தொட்டியில் உப்பு நாளுக்கு நாள் கூடுவதைக் கவனித்தாயா?" என்று கேட்டார். அதன் பிறகே மின்கடத்துதிறன் கருவியை வைத்துப் பார்த்தேன். ஊற்றிய நீரைவிடத் தொட்டியில் நின்ற நீர் மிகுதியான உப்புடையதாக இருந்தது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாள்தோறும் 24,000 லிட்டர் கிணற்று நீரை ஊற்றி ஓர் ஏக்கரில் மக்கானா வளர்த்தால், விளைவது மக்கானாவோ இல்லையோ, உப்பளம் நிச்சயம் விளையும். ஒரு போகம் தோற்றாலும் நிலம் மீண்டுவிடும் என்ற ஆறுதலும் அதில் இல்லை.

ஒரே மாவட்டம், இரண்டு நீர்

அப்படியானால் நம் மாவட்டத்தில் நீர்ப்பயிருக்கு இடமே இல்லையா? உண்டு. 2009-இல் உருவான திருப்பூர் மாவட்டம் நொய்யலை மட்டும் கொண்டதன்று. தெற்கே உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் வட்டங்களில் அமராவதி பாய்கிறது. அமராவதி அணை கட்டப்படுவதற்கு முன்பிருந்தே கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர் முதலிய ஊர்களுக்கு ராஜவாய்க்கால்கள் வழியே நீர் பாய்ந்து நெல் விளைந்து வந்துள்ளது. அங்கே வாய்க்கால் கசிவால் ஈரம் காயாத மூலைகள் பல வயல்களில் உண்டு. நெல் அழுகும், கரும்பு சாயும் என்று உழவர் கைவிட்ட அந்த மூலைகளே நீர்ப்பயிருக்கு ஏற்ற இடங்களாகும்.

ஊர்ப் பெருங்குளங்களைப் பற்றியும் ஒரு சொல். திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்புள்ளது. அது வீணே கிடக்கிறது என்று எண்ணுவோர் உளர். அது 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. கடல் கடந்து வரும் பறவைகளுக்கு அதுவே வயல். அங்கே பயிர் செய்ய எண்ணுவது முறையன்று, சட்டமும் இடந்தராது. நாம் பேசுவது சொந்த வயலின் மூலையையும் பண்ணைக் குட்டையையும் பற்றியே.

நமக்கேற்ற பயிர்கள்

சேம்பு: நான் முதலிடம் தருவது இதற்கே. புதிய சந்தை தேட வேண்டியதில்லை, உடுமலைச் சந்தையிலும் திருப்பூர் உழவர் சந்தையிலும் எல்லாரும் அறிந்த கிழங்கு. வரப்போரத்திலும் கசிவு நிலத்திலும் வளரும். கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களால் நாக்கு அரிக்கும், நன்கு வேகவைத்தால் அக்குறை நீங்கும்.

தாமரை: முக்கால் அடி முதல் இரண்டடி வரை நன்னீர் நிற்கும் சேற்று நிலம் போதும். கிழங்குத் துண்டை முளை சிதையாமல் சேற்றில் படுக்கையாகப் புதைக்க வேண்டும். பூ கோயில்களுக்கும் பூக்கடைக்கும் போகும், தண்டு வற்றலாகும், இலையில் பொருள் மடிக்கலாம். ஆனால் பூ விற்க வேண்டுமானால் விடியுமுன் பறித்துச் சந்தை சேர்க்க ஆள் வேண்டும். மியன்மாரின் இன்லே ஏரிப் பகுதியில் தாமரைத் தண்டிலிருந்து நூலிழுத்துத் துணி நெய்கின்றனர். பின்னலாடை ஊர்க்காரர்களாகிய நமக்கு இதைக் கேட்டால் ஆவல் பிறக்கும். அது தண்டை ஒடித்துக் கையால் இழை இழுத்துத் திரிக்கும் வேலை. ஒரு சிறு மேலாடைக்கே ஆயிரக்கணக்கான தண்டுகள் வேண்டும். நம் பின்னல் எந்திரங்களுக்கு ஈடுகொடுக்கும் நூல் அதுவன்று.

கோரை: கரூர்ப் பகுதியிலும் திருநெல்வேலிப் பத்தமடையிலும் பாய் நெய்ய உதவும் பயிர். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் மறுதாம்பாக அறுக்கலாம். உண்ணும் பயிரன்று என்பதால், உணவுப் பயிர் செய்ய அஞ்சும் தாழ்நிலங்களில் சிறு அளவில் சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

அசோலா: நிலமும் குளமும் இல்லாதவருக்கும் ஆகும் பயிர் இது ஒன்றே. தன்னுள் வாழும் அனபீனா என்னும் நீலப்பசும்பாசியின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் புரதமாக்கும் மிதக்கும் பெரணி இது. நிழலில் ஆறடிக்கு நாலடி குழியில் தார்ப்பாய் விரித்து, சலித்த மண்ணும் சாணக் கரைசலும் சிறிது சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு, நாலு அங்குல நீர் நிறுத்தினால் போதும். அதற்கு வேண்டிய நீர் ஏறத்தாழ 230 லிட்டரே. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓராண்டில் 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 55,000 லிட்டருக்கு மேல் நீர் கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், கிணறு உப்பானவரும் இதைச் செய்யலாம் என்பது விளங்கும். மாடு வளர்க்கும் காங்கேயம் பகுதிக்கு இது பெரிதும் பயன்படும்.

சிங்காராவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாக்கடையும் பன்றிக் கழிவும் கலக்கும் குளத்தில் அதை வளர்த்து, பச்சையாகப் பல்லால் உரித்துத் தின்றால் குடற்புழு ஒன்று தொற்றும். நத்தையில் வளர்ந்து, நீர்ச்செடியில் கூடுகட்டி, மனிதக் குடலை அடையும் தட்டைப்புழு அது. வேகவைத்தால் அழியும். எந்த நீர்ப்பயிருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

விதைக்குமுன் கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

1. நீர் எந்த மாதத்தில் நிற்கும், எத்தனை மாதம் நிற்கும்?

2. அந்நீரில் எவ்வளவு உப்பு? மின்கடத்துதிறனை அளந்தால் மீட்டருக்கு ஒரு டெசிசீமன் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு. மண்சாற்றில் இவ்வளவு 3-ஐத் தாண்டினால் நெல்லே விளைச்சல் குறையத் தொடங்கும்.

3. மேலே எங்கேனும் பட்டறைக் கழிவு கலக்கிறதா? கலந்தால் உணவுப் பயிர் வேண்டா.

4. நீர்நிலை யாருடையது? பொதுக்குளமாயின் ஏலம் யாருக்குப் போகும்? பணமுள்ளவர் ஏலம் எடுத்தால், சேற்றில் இறங்குபவருக்குக் கூலி மட்டுமே மிஞ்சும். கூட்டாக எடுக்கும் குழு இல்லாமல் சிறு விவசாயிக்குப் பயனில்லை.

5. விளைந்ததை வாங்குபவர் ஒருவர் மட்டுமா? 2012-இல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமு கோழி வளர்ப்பில் பணம் கட்டி இழந்தவர்களை நாம் மறந்துவிடவில்லை. அங்கும் குஞ்சு தருபவரும் திரும்ப வாங்குபவரும் ஒருவராகவே இருந்தனர்.

முடிவுரை

ஒரு மாதம் முடிந்ததும் தந்தையிடம் இக்கணக்குகளை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். நகை பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. "அப்ப நம்ம தண்ணிக்கு எதுவுமே ஆகாதா, கண்ணு?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நாட்டையே உடுத்த உழைக்கும் ஊரில், தன் கிணற்றை நம்ப முடியாத உழவரின் குரல் அது.

இன்று எங்கள் வீட்டு வேம்பின் நிழலில் கூரை நீரில் அசோலாக் குழி இருக்கிறது. இரண்டு மாடுகளுக்குத் தீவனச் செலவு சற்றுக் குறைந்துள்ளது. மாமன் வயலின் கசிவு மூலையில் சேம்பு ஒரு போகம் எடுத்துவிட்டோம், தாமரை இப்போதுதான் இலை விட்டிருக்கிறது. பெருஞ்செல்வம் இதில் வரவில்லை, கடனும் வரவில்லை.

ஔவையாரின் மூதுரை, வற்றிய குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளையும், குளத்தோடே இருந்து வாடும் கொட்டி, ஆம்பல், நெய்தலையும் உறவுக்கு உவமையாக்குகிறது. தாவரவியல் படித்த பிறகு எனக்கு அதில் மற்றொரு பொருளும் புலப்படுகிறது. கொட்டியும் ஆம்பலும் வாடுவது மேலே மட்டுமே. சேற்றுக்குள் அவற்றின் கிழங்கு அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. காசுமீரத்து ஊலர் ஏரியில் 1992 வெள்ளத்தின் வண்டலில் மூடுண்டு மறைந்த தாமரை, ஏரியைத் தூர்வாரிய பின், முப்பது ஆண்டுகள் கடந்து, 2025-இல் மீண்டும் பூத்தது. நத்ரு பறித்துப் பிழைத்த குடும்பங்களுக்குத் தொழிலும் திரும்பக் கண்ணில் தெரிந்தது.

ஆகவே நீரைத் திருத்தினால் பயிர் தானே வரும். பயிரைக் கொண்டுவந்து நீரைத் திருத்திவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. வேதியியல் மாணவர்கள் நீரை அளக்கட்டும், தாவரவியல் மாணவர்கள் செடியைச் சோதிக்கட்டும், வணிகவியல் மாணவர்கள் சந்தைக் கணக்கைப் பார்க்கட்டும். நம் மூன்று துறைகளும் கூடி, ஊருக்கு ஒரு கிணறு என்ற அளவில் மாவட்டத்தின் நீரை ஆண்டுதோறும் அளந்து எழுதி வைத்தால், அடுத்து ஒரு தரகர் வேறொரு வீட்டுத் திண்ணையில் அமரும்போது, அவ்வீட்டார் கேட்கும் வினாவுக்கு ஒரு மாதம் தவணை சொல்ல வேண்டியிராது.